பந்து ஒன்றுக்குக் குச்சி நான்கு

குடுவைக்குள் கத்தரிப்பூ நிறத்தில் ஒரு திரவம் கொதித்துக்கொண்டிருந்தது. டொலுயீனில் கரைத்த ஃபுல்லரீன். ஆவி மேலே ஏறி, குளிர்விப்பானின் கண்ணாடிச் சுருளில் பட்டு, சொட்டுச் சொட்டாகத் திரும்பக் குடுவைக்குள்ளேயே விழுந்தது. ஃப்யூம் ஹூடின் கதவு முக்கால்வாசி இறக்கியிருந்தும் பெயின்ட் கடை வாசனை லேசாக மூக்கைத் தொட்டது.

“சாயந்தரம் வந்து பாருங்கள், காப்பி நிறமாகியிருக்கும்” என்றார் ஆய்வு மாணவி. ஒரு நொடி யோசித்துவிட்டு, “பால் விடாத காப்பி” என்று திருத்திக்கொண்டார்.

2008 அக்டோபர். பாசெலில் ஒரு கருத்தரங்குக்குப் போயிருந்தேன். ஒரு நாள் மிச்சமிருந்தது. கூட வந்தவர்கள் பனிமலை பார்க்கப் புறப்பட்டார்கள். நான் நொஷாத்தெலுக்கு ரயிலேறினேன். கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுக்கிறவனுக்கு இப்படி ஒரு பைத்தியம் இருக்கத்தான் செய்யும். ஃபுல்லரீனையும் மரம்போல் கிளைவிடும் மூலக்கூறுகளையும் இணைத்துத் திரவப் படிகம் செய்வதில் உலகத்துக்கே வழிகாட்டிய இடம் நொஷாத்தெல் பல்கலைக்கழகத்தின் வேதியியல் நிறுவனம். ரொபேர் டெஷெனோவின் குழு. பத்து வருடமாக அவர்களுடைய கட்டுரைகளைப் படித்து வந்தவன், அந்தப் பொருளைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று மின்னஞ்சல் போட்டிருந்தேன். ‘வாருங்கள், ஒரு மாணவி சுற்றிக்காட்டுவார்’ என்று பதில் வந்திருந்தது.

ஊர் முழுக்க வெண்ணெய் நிறக் கல்லில் கட்டிய வீடுகள். கீழே ஏரி, மேலே மூடுபனி. தெளிந்த நாளில் ஏரிக்கு அப்பால் ஆல்ப்ஸ் தெரியுமாம், எனக்குத் தெரிந்தது வெள்ளைத் திரை மட்டும். இது கடிகார ஊர். குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தின் முதல் மாதிரியான ‘பீட்டா 1’ 1967இல் இங்கே இருந்த கடிகார மின்னணுவியல் மையத்தில்தான் ஓடியது. மூன்று ஆண்டு கழித்து, 1970 டிசம்பரில், பாசெலில் ஹாஃப்மன்-லா ரோஷ் நிறுவனத்தில் மார்ட்டின் ஷாட்டும் வொல்ஃப்காங் ஹெல்ஃபிரிக்கும் திரவப் படிகத் திரைக்கான காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள். நாம் பள்ளிக்கூட நாளில் கட்டிக்கொண்டு அலட்டிய டிஜிட்டல் வாட்சின் சாம்பல் நிறத் திரை அந்த வம்சம்.

அந்தத் திரை வேலை செய்யும் விதத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும். ஒளியை ஒரு திசையில் மட்டும் அதிரவிடும் போலராய்டு தாள்கள் இரண்டை ஒன்றுக்கொன்று குறுக்காக வைத்தால் ஒளி ஊடுருவாது, இருட்டு. நடுவில் ஒரு திரவப் படிகப் படலத்தை, மூலக்கூறுகள் மாடிப்படி சுற்றுவதுபோல் கால் சுற்றுத் திரும்பும்படி வைத்தால் ஒளியும் கூடவே திரும்பி வெளியே வந்துவிடும், வெளிச்சம். மின்னழுத்தம் கொடுத்த இடத்தில் திருகல் குலையும், அந்த இடம் கறுக்கும். அந்தக் கறுப்புத்தான் நாம் பார்க்கும் எண்.

திரவப் படிகம் என்ற பெயரே முரணாகப் படும். ஓர் ஊதுபத்திக் கட்டைக் கையில் பிடித்து லேசாகத் தளர்த்துங்கள். குச்சிகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கும், முன்னும் பின்னும் நகரும், ஆனால் எல்லாம் ஒரே திசையைப் பார்த்திருக்கும். அது நெமாட்டிக் நிலை. அதே குச்சிகள் திசையோடு தளத்தையும் பேணி, மாடி மாடியாக அடுக்கி நின்றால் ஸ்மெக்டிக். இரண்டுமே ஓடும், இரண்டிலுமே ஒழுங்கு உண்டு. 1888இல் பிராகில் தாவரவியலாளர் ஃபிரீட்ரிக் ரைனிட்சர் கேரட்டிலிருந்து கிடைத்த கொலஸ்ட்ரால் சேர்மம் ஒன்றைச் சூடாக்கியபோது அது 145.5 டிகிரியில் உருகிக் கலங்கலாக நின்றது, 178.5 டிகிரியில்தான் தெளிந்தது. ஒரு பொருளுக்கு இரண்டு உருகுநிலையா என்று அவர் திகைத்ததிலிருந்து தொடங்கியது கதை. அந்த இரண்டாவது வெப்பநிலையைத் தெளிநிலை என்பார்கள்.

இந்த ஊதுபத்திக் கட்டுக்குள் நெல்லிக்காய்களைச் செருகச் சொன்னால் என்ன செய்வீர்கள்? நொஷாத்தெல்காரர்கள் எடுத்துக்கொண்ட வேலை அதுதான்.

ஃபுல்லரீன் என்பது 60 கார்பன் அணுக்கள் கால்பந்துபோல் மூடிக்கொண்ட கூடு. 12 ஐங்கோணம், 20 அறுகோணம். 1985இல் டெக்சாஸின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் குரோட்டோ, கர்ல், ஸ்மாலி கண்டார்கள், 1990இல் கிரெட்ச்மரும் ஹஃப்மனும் கைநிறையச் செய்யும் வழி சொன்னார்கள், 1996இல் நோபல். நெல்லிக்காய்க்கு ஏது தலை, ஏது கால்? அது எந்தத் திசையையும் பார்க்காது. சாதாரணமாக அது உருகக்கூடச் செய்யாது. வெற்றிடத்தில் சூடாக்கினால் கற்பூரம்போல் திடத்திலிருந்து நேரே ஆவியாகும். உருகாத பொருள், திசையில்லாத உருண்டை, ஓடவும் வேண்டும் ஒழுங்காக நிற்கவும் வேண்டும் என்றால் வேதியியலாளருக்குத் தலைவலிதான்.

ஏன் இந்த வீண்வேலை? ஃபுல்லரீனுக்கு எலக்ட்ரான் பசி. கரைசலில் ஒரு பந்து ஆறு எலக்ட்ரான்வரை வாங்கி, திருப்பியும் கொடுக்கும். பந்துகளை வரிசையாக, தொட்டுக்கொண்டு நிற்கவைத்தால் எலக்ட்ரான் பந்திலிருந்து பந்துக்குத் தாவிப் போக ஒரு பாதை கிடைக்கும். திரவப் படிகம் அந்த வரிசையைத் தானே அமைத்துக்கொள்ளும். குலைந்தாலும் சூடாக்கி ஆறவிட்டால் மீண்டும் கூடிக்கொள்ளும். கையால் அடுக்க முடியாத ஒன்றைத் தானே அடுக்கிக்கொள்ளச் செய்வது. ஆசை அதுதான்.

மாணவி என்னை ஒரு வெள்ளைப் பலகை முன்னால் நிறுத்தினார். பழைய சமன்பாடுகளைக் கையாலேயே துடைத்துவிட்டு ஒரு கணக்குப் போட்டார். அன்று நான் கற்றுக்கொண்டதில் முக்கால்வாசி அந்தப் பலகையில்தான் இருந்தது.

ஃபுல்லரீன் படிகத்தில் பக்கத்துப் பக்கத்துப் பந்துகளின் மையங்களுக்கு இடையே ஒரு நானோமீட்டர். பந்துகளை ஒரு தட்டில் நெருக்கி அடுக்கினால் ஒவ்வொன்றும் பிடித்துக்கொள்ளும் பரப்பு ஏறத்தாழ 0.87 சதுர நானோமீட்டர். திரவப் படிகக் குச்சி ஒன்றின் குறுக்குவெட்டு? 0.22. வகுத்துப் பாருங்கள்.

“நான்கு” என்றேன்.

“நான்கு” என்று அவரும் எழுதி வட்டம் போட்டார். “ஒரு பந்தில் ஒரே ஒரு குச்சியை ஒட்டினால் என்ன ஆகும்? பந்துக்கு மேலே நான்கு பேர் இடத்தில் ஒருவர். மிச்சம் வெற்றிடம். இயற்கை வெற்றிடத்தை விடாது. குச்சிகள் சாயும், மடங்கும், அடுக்கு குலையும். பந்துகள் தங்களுக்குள் கூடிக்கொண்டு கட்டியாகிவிடும்.”

கல்யாண மண்டபத்தில் தூணுக்கு ஒரு வாழைமரம் கட்டுவதுபோல் அல்ல, பந்தலை நிரப்ப வேண்டும்! நான் இதைச் சொல்லவில்லை, மொழிபெயர்க்க வராது.

உண்மையில் கணக்கு இத்தனை நேராக இருக்காது. பந்துகள் ஒரே மட்டத்தில் உட்காருவதில்லை, இரண்டு தட்டாகவும் உட்காரும். குச்சிகள் எதிர்வரிசைக் குச்சிகளுக்குள் சீப்பின் பற்கள்போல் புகும். ஆனால் இந்த ஒரு வகுத்தல் இல்லாமல் யாரும் மூலக்கூறு வரையத் தொடங்குவதில்லை. 1996இல் டெஷெனோவும் ஷுவாரும் முதல் ஃபுல்லரீன் திரவப் படிகத்தைச் செய்தபோது ஒரு பந்தில் இரண்டு கொலஸ்ட்ரால் கைகளை மாட்டினார்கள். கொலஸ்ட்ரால், ரைனிட்சரின் அதே கொலஸ்ட்ரால். நூறு வருடம் கழித்து அது திரும்ப வந்து பந்தைத் தூக்கிக்கொண்டது. அந்தச் சேர்மம் ஸ்மெக்டிக்காக அடுக்கி நின்றது.

இரண்டு கை போதாது, நான்கு வேண்டும், எட்டு வேண்டும் என்னும்போது கிளை வருகிறது. பந்தில் எட்டு இடத்தில் எட்டுக் குச்சி ஒட்டலாமே என்று கேட்டேன். மாணவி சிரித்தார். பந்தின் மேல், வினை நடக்க வாகான இரட்டைப் பிணைப்புகள் 30. முப்பது கதவுகள் போல. முதல் கதவாக எதைத் திறந்தாலும் ஒன்றுதான், எல்லாம் ஒரேமாதிரி. இரண்டாவது கதவு திறந்ததும், முதல் கதவுக்கு அது எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்து, எட்டு விதமான மூலக்கூறு கிடைக்கும். எட்டையும் பிரித்தெடுப்பது ஓர் ஆயுள் வேலை. அதனால் ஒரே ஒரு கதவைத் திற, அதில் ஒரு மரத்தை நடு, மரத்தின் நுனிகளில் குச்சிகளைத் தொங்கவிடு. பந்து சேதமில்லாமல் பந்தாகவே இருக்கும். கூட்டத்தை மரம் பார்த்துக்கொள்ளும்.

இந்த மரங்களுக்கு டென்ட்ரிமர் என்று பெயர். டென்ட்ரான் என்றால் கிரேக்கத்தில் மரம். 1978இல் ஜெர்மனியில் ஃபோக்ட்லேயின் குழு கிளைமேல் கிளை வளர்த்துக் காட்டியது. 1980களின் நடுவில் டோமாலியா அந்தப் பெயரைச் சூட்டினார். அவர்கள் வேரிலிருந்து நுனிக்குப் போனார்கள். 1990இல் ஹாக்கரும் ஃபிரெஷேயும் தலைகீழாக, நுனியிலிருந்து வேருக்கு வந்தார்கள். நொஷாத்தெல் பின்பற்றியது இந்த இரண்டாவது வழி. இரண்டு குச்சிகளை ஒரு கவட்டையில் சேர்த்தால் முதல் தலைமுறை. அப்படி இரண்டு கவட்டையை இன்னொரு கவட்டையில் சேர்த்தால் இரண்டாம் தலைமுறை, நான்கு குச்சி. அடுத்து எட்டு. அடுத்து பதினாறு.

சொல்வதற்கு எளிது. அவருடைய மேசையில் உருண்டைக் குடுவைகள் இருபதுக்கு மேல் நின்றன. ஒவ்வொன்றிலும் மார்க்கர் பேனாவால் எழுதிய எண். கவட்டையின் மூன்றாவது முனை அவசரப்பட்டு எதனோடும் சேர்ந்துவிடாமல் இருக்க அதற்குச் சிலிக்கான் சேர்ந்த ஒரு மூடி போடுகிறார்கள். இரண்டு கைகளையும் இணைத்து முடித்ததும் மூடியைக் கழற்றுகிறார்கள். இணை, சுத்தம் செய், மூடியைக் கழற்று, சுத்தம் செய், மறுபடி இணை. ஒவ்வொரு படியிலும் 80 சதவீதம் கைக்கு வந்தாலும், பத்துப் படி தாண்டினால் மிஞ்சுவது 11 சதவீதம். முதல் குடுவையில் ஒரு கைப்பிடி வெள்ளைப் பொடி. கடைசிக் குடுவையின் அடியில் நகத்தால் சுரண்டி எடுக்கும் அளவு. “இதைக் கொட்டிவிட்டால்?” என்று கேட்டேன். ஒருமுறை கொட்டியிருக்கிறாராம். தரையைத் துடைத்த தாளை டைகுளோரோமீத்தேனில் ஊறவைத்துப் பாதியை மீட்டாராம்.

நுனியில் தொங்கும் குச்சி எது தெரியுமா? சயனோபைஃபீனைல். பத்துக் கார்பன் நீளமுள்ள ஒரு வால் வழியாக அது கிளையோடு சேர்ந்திருக்கிறது. வால் வளைந்துகொடுக்கும், குச்சி விறைப்பாக நிற்கும். அந்தப் பெயரைக் கேட்டதும் நான் பழைய சிநேகிதரைப் பார்த்ததுபோல் ஆனேன். 1970களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் ஹல் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் கிரே செய்த குச்சி அது. அதற்கு முன் இருந்த திரவப் படிகங்கள் சூட்டில்தான் வேலை செய்தன, அல்லது ஈரம் பட்டால் கெட்டன. கிரேயின் 5சிபி என்ற சயனோபைஃபீனைல் அறை வெப்பத்திலேயே திரவப் படிகமாக நின்றது. டிஜிட்டல் வாட்சுக்கும் கால்குலேட்டருக்கும் உயிர் வந்தது அந்தக் குடும்பத்தால். என்ன, 5சிபியின் தெளிநிலை 35 டிகிரி. சித்திரை மாதச் சென்னையில் தனி 5சிபி வெறும் எண்ணெய். அதனால்தான் திரைகளில் பலவற்றைக் கலந்து தெளிநிலையை ஏற்றி ஊற்றுகிறார்கள்.

மதியம் குடுவையைப் போய்ப் பார்த்தோம். கத்தரிப்பூ நிறம் மங்கிச் சிவப்பு ஏறியிருந்தது. உள்ளே நடப்பது பிராட்டோ வினை. இத்தாலியில் மவுரீட்சியோ பிராட்டோவும் மிக்கேலே மஜ்ஜினியும் 1993இல் வெளியிட்டது. மரத்தின் அடியில் ஓர் ஆல்டிஹைடு. கூடவே சார்க்கோசின் என்ற எளிய அமினோ அமிலம். இரண்டும் சூட்டில் சேர்ந்து பந்தின் ஒரு கதவைப் பிடித்து ஐங்கோண வளையமாக ஒட்டிக்கொள்ளும். அதே 1993இல் ஜெர்மனியில் பிங்கெல் சொன்ன வழி வேறு: மலோனேட்டை வைத்து முக்கோண வளையம் போடுவது. நொஷாத்தெலின் முதல் மூலக்கூறுகள் பிங்கெல் வழியில் பிறந்தவை. பிறகு பிராட்டோவுக்கு மாறினார்கள். காரணம் நியாயமானது: முக்கோண வளையம் ஒட்டிய பந்துக்கு எலக்ட்ரான்களை ஏற்றினால் வளையம் கழன்றுகொள்ளும். எலக்ட்ரான் வாங்குவதற்காகவே செய்த பொருள், எலக்ட்ரான் வாங்கியதும் கை கழன்றால் எதற்கு ஆகும்? ஐங்கோண வளையம் பிடித்த பிடியை விடாது.

முந்தைய நாள் வினையின் கலவையை அன்று பிரிப்புக் குழாயில் ஏற்றினார். இதைத்தான் பக்கத்திலிருந்து பார்த்தேன். ஒரு முழம் உயரக் கண்ணாடிக் குழாய், அதில் ஈர மணல்போல் சிலிக்கா. மேலே கறுப்பாக ஒரு விரற்கடை அளவு கலவையை ஊற்றி, டொலுயீனை விடத் தொடங்கினார். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு கறுப்பின் அடியிலிருந்து கத்தரிப்பூ நிறத்தில் ஒரு வளையம் பிரிந்து விறுவிறுவென்று இறங்கியது. அது வினையில் சேராத ஃபுல்லரீன். வேண்டுமென்றே கூடுதலாகப் போடுகிறார்கள், ஒரு பந்தில் இரண்டு மரம் முளைக்காமல் இருக்க. வளையம் கீழே வந்து சோதனைக்குழாயில் சொட்டியபோது அந்த நிறத்தைப் பார்க்க வேண்டும், நம் ஊர் நாவல் பழத்தைத் தண்ணீரில் கரைத்த மாதிரி. மேலே, காப்பி நிறத்தில் அகலமான ஒரு பட்டை நகராமல் உட்கார்ந்திருந்தது. கரைப்பானை மாற்றினார். பட்டை சோம்பல் முறித்துக்கொண்டு கிளம்பியது. அதுதான் அவருக்கு வேண்டியது. அதற்கும் மேலே கறுப்பாக ஒட்டிக்கொண்டது இரண்டு மூன்று மரம் முளைத்த கழிசல். சிலிக்காவோடு குப்பைக்குப் போகும். முக்கால் மணி நேரம் நின்றுகொண்டே பார்த்தேன். கால் வலித்ததே பிறகுதான் தெரிந்தது.

அடுத்து நுண்ணோக்கி அறை. விளக்கை அணைத்தார். கண்ணாடித் தகட்டில் கடுகில் பாதி அளவு பழுப்புப் பொருள், மேலே மெல்லிய மூடி. தகடு ஒரு சிறு அடுப்புப் பெட்டிக்குள் செருகியிருந்தது. மேலும் கீழும் குறுக்காக வைத்த போலராய்டுகள். எண் காட்டி 170ஐத் தாண்டியது. கண்ணை வைத்தேன். கும்மிருட்டு.

“இப்போது அது வெறும் திரவம். எந்த ஒழுங்கும் இல்லை. அதனால் ஒளியைத் திருப்பாது. இறக்குகிறேன், பாருங்கள்.”

நிமிடத்துக்கு ஒரு டிகிரி. இருட்டில் எங்கோ ஓர் ஓரத்தில் அரிசிக் குறுணை அளவில் ஒரு வெளிச்சம் பிறந்தது. பக்கத்தில் இன்னொன்று. சிறு சிறு கம்புகளாக நீண்டு, ஒன்றையொன்று முட்டி, சேர்ந்துகொண்டே போயின. பாடப்புத்தகப் படத்தில் வருவதுபோல் மயில்தோகை விரிந்த விசிறிகளை எதிர்பார்த்திருந்தேன். வரவில்லை. பொடிப்பொடியான மணல் வெளிச்சம்தான் பரவியது. என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார். ஃபுல்லரீன் ஏறிய மூலக்கூறு கனமானது, தேனைவிடக் கெட்டி, விசிறியாக வளர நேரம் கேட்கும். ஓர் ஊசியால் மூடியை மெல்ல அழுத்தச் சொன்னார். அழுத்தினேன். மொத்தப் புலமும் பளிச்சென்று மின்னி, வெண்ணெய்க் கட்டி நகர்வதுபோல் ஒரு பக்கம் சாய்ந்தது. ஓடுகிறது, அதே சமயம் ஒளியைத் திருப்புகிறது. திடமில்லை, வெறும் திரவமுமில்லை. அந்தக் கடுகுக்குள் கோடானுகோடிப் பந்துகள் மாடிமாடியாக உட்கார்ந்திருக்கின்றன என்பதை ஊசி முனையில் உணர்ந்த நொடி அது. ரயில் டிக்கெட்டுக்குக் கொடுத்த காசு அங்கேயே தீர்ந்தது.

நுண்ணோக்கி, ஒழுங்கு இருக்கிறது என்று மட்டும் சொல்லும். எத்தனை நானோமீட்டருக்கு ஒரு மாடி என்பதை எக்ஸ் கதிர்தான் சொல்ல வேண்டும். அந்த வேலைக்கு ஸ்ட்ராஸ்பூர்க்கில் இருந்த டோனியோ, கியோன் ஆகியோரின் குழுவோடு கூட்டு. இரண்டு ஊரும் சேர்ந்து 2007இல் வெளியிட்ட கட்டுரையின் மூலக்கூறுக்கு ரோமானியர்களின் இரட்டைமுகக் கடவுளான ஜேனஸின் பெயர். பந்தின் ஒரு பக்கம் சயனோபைஃபீனைல் குச்சிகள் தொங்கும் மரம். அது தட்டுத்தட்டாக அடுக்கி நிற்கப் பார்க்கும். மறுபக்கம் பீட்சாத் துண்டுபோல் நுனியில் அகலும் மரம், பிலடெல்பியாவின் பெர்செக் புகழ்பெறச் செய்த வகை. துண்டுகள் வட்டமாகக் கூடித் தூணாக எழப் பார்க்கும். தட்டா, தூணா? இரண்டு மரங்களில் எது எத்தனை தலைமுறை பெரியதோ அதன் சொல் எடுபடும். தலைமுறையைக் கூட்டிக் குறைத்து, அதே பந்தைத் தட்டிலும் வைக்கலாம், தூணிலும் வைக்கலாம். வடிவமைப்பு என்ற சொல்லுக்கு இதைவிட நேரான உதாரணம் எனக்குத் தெரியாது.

தூண் நிலை என்றதும் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. தட்டை மூலக்கூறுகள் காசுகளைப்போல் அடுக்கி நின்று தூணாகும் திரவப் படிகத்தை உலகில் முதலில் கண்டது 1977இல், பெங்களூர் ராமன் ஆய்வு நிறுவனத்தில், எஸ். சந்திரசேகர், சதாசிவா, சுரேஷ் ஆகியோர் என்றேன். சந்திரசேகர் சர் சி.வி. ராமனின் உறவினர் என்பதையும் சேர்த்தேன். “அந்தக் கட்டுரையைப் படிக்காமல் இங்கே யாரும் பட்டம் வாங்க முடியாது” என்று சொல்லி, மேசை இழுப்பறையிலிருந்து அதன் ஜெராக்ஸை எடுத்துக் காட்டினார். ஓரங்களில் பிரெஞ்சுக் குறிப்புகள்.

ஜப்பான்காரர்கள் வேறு தந்திரம் செய்தார்கள். 2002இல் டோக்கியோவில் சாவாமுரா, காத்தோ, நாகமுரா குழு பந்தின் ஒரு பக்கத்தில் மட்டும் ஐந்து கைகளைச் சுற்றி நட்டது. பார்க்க அசல் இறகுப்பந்து. இறகுப்பந்துகளை டப்பாவில் எப்படி அடுக்கி விற்கிறார்கள்? ஒன்றின் தலை அடுத்ததன் இறகுக்குள். அப்படியே மூலக்கூறுகளும் தூணாகச் செருகிக்கொண்டன. கூட்டத்தைக் கூட்டாமல் வடிவத்தாலேயே காரியம் சாதித்த அந்த வேலை எனக்கு ஒரு படி மேலாகத் தோன்றுகிறது. நொஷாத்தெலில் நின்றுகொண்டு அதைச் சொல்லும் துணிச்சல் வரவில்லை.

சாயந்தரம் குடுவை, மாணவி சொன்னபடியே, காப்பி நிறமாகியிருந்தது. அடுப்பை அணைத்துவிட்டு ஏரிப்பக்கம் ஒரு கடைக்கு அழைத்துப்போனார். இந்த மாநிலத்தின் மலைப்பள்ளத்தாக்கான வால்-தெ-திராவேர், அப்சிந்த் என்ற சாராயம் பிறந்த இடம். 1910 முதல் சுவிட்சர்லாந்தில் தடை, 2005இல்தான் விலக்கினார்கள். அவர் கண்ணாடிக் கோப்பையில் ஒரு விரற்கடை வாங்கி, ஐஸ் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டார். தெளிந்த சாராயம் பால்போல் கலங்கியது. நான் குடிப்பதில்லை, முகர்ந்து பார்த்தேன். ஹோட்டல் கல்லாவில் வைத்திருக்கும் சோம்புத் தட்டின் வாசனை. ஆச்சரியமில்லை, இரண்டிலும் இருப்பது அனித்தோல்.

“இதுவும் திரவப் படிகம்தானா?” என்று வேண்டுமென்றே கேட்டேன்.

“டம்மானும் அப்படித்தான் குழம்பினார்” என்றார்.

ரைனிட்சரின் கலங்கலைப் பார்த்துவிட்டு, இது ஒரே பொருள் இல்லை, எண்ணெய்த் துளி மிதக்கும் பால்மம் என்று இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அடித்துச் சொன்னவர் குஸ்டாவ் டம்மான். சாதாரண ஆள் இல்லை, பெரிய இயற்பிய வேதியியலாளர். அப்சிந்த் விஷயத்தில் அவர் சரி: தண்ணீர் சேர்ந்ததும் அனித்தோல் நுண்ணிய துளிகளாகப் பிரிகிறது, அவ்வளவுதான். குறுக்குப் போலராய்டுகளுக்கு நடுவே வைத்தால் ஒளி திரும்பாது. திரவப் படிகத்தின் கலங்கல் வேறு; ஒரே பொருள், ஒரே மூலக்கூறு, திசை மாறும் சிறு சிறு பகுதிகளாக நின்று ஒளியைச் சிதறடிக்கிறது. இரண்டும் கண்ணுக்கு ஒன்றுபோல்தான் இருக்கின்றன. நான் டம்மானை மன்னித்துவிட்டேன்.

கோப்பை பாதியானபோது, ஊரிலிருந்தே கொண்டுவந்த கேள்வியைக் கேட்டேன். நான்காம் தலைமுறையில் பதினாறு குச்சிகள். பந்தின் மூலக்கூறு எடை 720; மொத்தத்தில் அது பத்தில் ஒரு பங்குக்கும் கீழே. கிளைகளுக்குள் பந்து புதைந்துபோகிறது. கல்யாணத்துக்குப் போய் மாப்பிள்ளை எங்கே என்று தேடுவதுபோல் ஆகவில்லையா? எலக்ட்ரான் பந்திலிருந்து பந்துக்குத் தாவ வேண்டும் என்றால் நடுவில் இத்தனை விருந்தாளிகள் எதற்கு?

அவர் உடனே பதில் சொல்லவில்லை. பிறகு, “அடுக்க வேண்டும் என்றால் கூட்டம் வேண்டும். மின்சாரம் வேண்டும் என்றால் கூட்டம் கூடாது. எங்கே நிறுத்துவது என்பதுதான் என் ஆய்வேடு” என்றார்.

இந்தக் கதை எங்கே போய் முடிந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். எலக்ட்ரான் பசி தேவைப்பட்ட கரிமச் சூரியக் கலங்களில் ஜெயித்த ஃபுல்லரீன், மரம் எதுவும் சுமக்காத பிசிபிஎம், 1995இலேயே வந்தது, பந்தில் ஒரு சின்ன வால், அவ்வளவுதான். அது அடுக்கி நிற்பதும் அரைகுறைதான், ஆனால் பந்தும் பந்தும் தொட்டுக்கொள்ளும். 2015க்குப் பிறகு ஃபுல்லரீனே இல்லாத எலக்ட்ரான் ஏற்பிகள் வந்து அதையும் பின்னுக்குத் தள்ளின. நான் ஊசியால் அழுத்திய பழுப்புக் கடுகு எந்தக் கடையிலும் விற்கும் பொருளாகவில்லை. ஆகும் என்று நான் நினைக்கவும் இல்லை. ஆனால் உருகாத உருண்டையை உருகவைத்து வரிசையில் நிறுத்தலாம், அதற்குக் கணக்கு உண்டு, கணக்குப்படி மூலக்கூறும் செய்யலாம் என்று காட்டியதில் அந்த ஊர் ஜெயித்தது. என் வகுப்பில் இன்றும் வெள்ளைப் பலகையில் 0.87ஐ 0.22ஆல் வகுத்துக் காட்டுகிறேன். முதல் வரிசைப் பையன்கள் விடை சொல்லும்போது அந்த மாணவி போட்ட வட்டத்தையும் போடுகிறேன்.

வகுப்பில் நுண்ணோக்கி அடுப்பு இல்லை. அதற்காகத் தெளிநிலையைப் பார்க்க முடியாமல் போகவில்லை. கோடையில் வெயிலில் நிறுத்திய பைக்கின் டிஜிட்டல் மீட்டர் சில சமயம் மொத்தமாகக் கறுத்துக் கிடக்கும். மெக்கானிக்கிடம் ஓடாதீர்கள், புது மீட்டருக்குக் காசும் கொடுக்காதீர்கள். உள்ளே இருக்கும் குச்சிகள் தெளிநிலையைத் தாண்டி வெறும் திரவமாகிவிட்டன, ஒளியைத் திருப்பும் திருகல் போய்விட்டது. வண்டியை நிழலில் தள்ளி நிறுத்திவிட்டுப் பக்கத்திலேயே நின்று பாருங்கள். கறுப்பு விலகி எண்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வரும்.